உங்கள் வீட்டு 'எலி' கடைசியாகக் குளித்தது எப்போது?

ஒரு நிமிஷம்... மேலே படிப்பதற்கு முன்னால், எழுந்து போய் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மேஜையில் இருக்கிற மவுஸைக் கையில் எடுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து, அப்படியே மல்லாக்கத் திருப்பிப் பாருங்களேன்!

பார்த்தாச்சா? அடிப்பக்கத்தில், மேஜையில் உரசுகிற சின்னப் பட்டைகளைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ படிந்திருக்குமே... நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி திரண்டு வரும். நடுவில் உருள்கிற சக்கரத்தின் இரண்டு பக்கச் சந்திலும் சாம்பல் நிறத்தில் அழுக்கு. கட்டை விரல் படுகிற இடத்தில் பளபளவென்று ஒரு பிசுக்கு. "அட, இவ்வளவு அழுக்கிலா தினமும் கை வைத்துக்கொண்டிருந்தோம்!" என்று முகம் சுளிக்கிறீர்கள்தானே?

வீட்டைத் தினம் பெருக்குகிறோம். டம்ளரை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தாலும் கழுவுகிறோம். செல்போன் திரையைக்கூடப் போகிற போக்கில் சேலைத் தலைப்பில் துடைத்துவிடுகிறோம். மவுஸ் மட்டும் யார் கணக்கிலும் வருவதில்லை. காரணம், அது எல்லோருக்கும் சொந்தம். அதனால் யாருக்கும் சொந்தமில்லை! காலையில் கரன்ட் பில் கட்ட அப்பா பிடிப்பார். பகலில் ஆபீஸ் வேலைக்கு அம்மா. சாயந்திரம் வீட்டுப்பாடம், விளையாட்டு என்று பிள்ளைகள். ராத்திரி வெளிநாட்டுப் பேத்தியோடு பேச தாத்தா. நாலு பேர் கையும் மாறி மாறிப் படுகிற பொருள், கழுவப்படாமலே வருஷக்கணக்கில் கிடக்கிறது. தமிழில் இதற்குச் 'சுட்டி' என்று பேர். சரியான பேர்தான். வீட்டுச் சுட்டிகள் கையில்தானே அது அதிகம் மாட்டிக்கொண்டு முழிக்கிறது!

அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது?

"கையில் இருக்கிற எண்ணெய்தான்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். ஆனால் ஒரு விஷயம் தெரியுமா? நம் உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது! உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டிலும் வியர்வைச் சுரப்பிகள்தான் ஏராளம். எண்ணெய்ச் சுரப்பிகள் முகத்திலும் தலையிலும்தான் நெருக்கமாக இருக்கின்றன.

அப்படியானால் மவுஸுக்கு எண்ணெய் எப்படி வந்தது? ஸ்கிரீனைப் பார்த்து யோசிக்கும்போது நெற்றியைத் தேய்த்தோமே... மூக்கைச் சொறிந்தோமே... தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதினோமே... அங்கிருந்து வந்தது. போதாக்குறைக்கு ஒரு கையில் முறுக்கு, இன்னொரு கையில் மவுஸ்! இதோடு தோலிலிருந்து உதிர்கிற செத்த செல்கள், ஃபேன் காற்று கொண்டு வருகிற தூசி, துணியிலிருந்து பிரிகிற நூலிழை எல்லாம் சேர்கின்றன. வியர்வை ஈரம் இவற்றைக் குழைத்துத் தர, மேஜை மேல் நகர்கிற நகர்த்தலில் நன்றாக அமுங்கி மெழுகாகிவிடுகிறது. ஆக, உங்கள் கை அன்றைக்கு எங்கெல்லாம் போய் வந்ததோ, அந்தக் கணக்கு முழுக்க மவுஸின் முதுகில் எழுதப்படுகிறது.

முகத்தை நாம் எத்தனை முறை தொடுகிறோம் என்பது நமக்கே தெரியாது. ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்கள் 26 பேரை வீடியோ எடுத்துக் கவனித்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. ஒரு மணி நேரத்தில் சராசரியாக 23 முறை முகத்தைத் தொட்டிருக்கிறார்கள்! அதில் 44 சதவீதம் கண், மூக்கு அல்லது வாயை. கிருமியைப் பற்றிப் பாடம் படிக்கிறவர்களே இப்படி என்றால் நம் கதை என்ன? கை மவுஸுக்குப் போகிறது, மவுஸிலிருந்து முகத்துக்குப் போகிறது, திரும்ப மவுஸுக்கு வருகிறது. நாலு பேர் பங்கு போடுகிற வீட்டில் இந்தப் போக்குவரத்தைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

பயப்படணுமா?

'கழிவறை இருக்கையைவிட மவுஸில் கிருமி அதிகம்!' என்று எங்கேயாவது கொட்டை எழுத்தில் படித்திருப்பீர்கள். 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் கெர்பா, ஆபீஸ்களில் எடுத்த கணக்கிலிருந்து கிளம்பிய செய்தி அது. ஒரு சதுர அங்குலத்தில் கீபோர்டில் 3,295, மவுஸில் 1,676, கழிவறை இருக்கையில் வெறும் 49 பாக்டீரியா என்றார் அவர். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கிருமிநாசினி விற்கிற ஒரு கம்பெனி என்பதையும் சேர்த்துப் படிக்கணும். அது மட்டுமில்லை, எண்ணிக்கை வேறு, நோய் வேறு. மவுஸில் இருப்பவற்றில் பெரும்பாலானவை நம் தோலிலேயே காலங்காலமாகக் குடியிருக்கிற சாதுக்கள். கழிவறையைக் கழுவுகிறோம், மவுஸைக் கழுவுவதில்லை என்பதைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன.

கொரோனா வந்த 2020-ல் காய்கறியைக்கூட சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டினோம். பிளாஸ்டிக்கின் மேல் அந்த வைரஸ் மூன்று நாள் வரை தாக்குப்பிடிக்கும் என்று பரிசோதனைக்கூடத்தில் கண்டுபிடித்ததுதான் காரணம். அடுத்த வருஷமே, 2021 ஏப்ரலில், அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கணக்குப் போட்டுச் சொன்னது: வைரஸ் பட்ட பொருளை ஒரு முறை தொடுவதால் கொரோனா தொற்றுகிற வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. காற்று வழிதான் அதற்குப் பிரதானம்.

ஃப்ளூ ஜுரத்தின் வைரஸோ கடினமான, வழவழப்பான பரப்பில் 24 முதல் 48 மணி நேரம் இருக்கும். ஆனால் கைக்கு மாறிய பிறகு ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது என்று 1982-லேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்குள் மூக்கைத் தொடாமல் இருக்கிறோமா என்பதுதான் கேள்வி!

ஆக, மவுஸைத் தொட்டாலே வியாதி என்று நடுங்க வேண்டாம். ஆனால் ஒரு விருந்தாளி விஷயத்தில் மட்டும் நிஜமாகவே உஷாராக இருக்கணும். நம் ஊர் பேரையே ஒட்டிக்கொண்டு திரிகிற 'மெட்ராஸ் ஐ'!

பார்த்தால் ஒட்டுமா, தொட்டால் ஒட்டுமா?

"மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே நமக்கும் வந்துடும்" என்று கறுப்புக் கண்ணாடி மாட்டுகிறோமே, அது சும்மா. பார்வையில் எதுவும் பாயாது. கண்ணைக் கசக்கிய கை தொட்ட பொருளை நாமும் தொட்டு, அதே கையால் நம் கண்ணைக் கசக்கினால் வரும். துண்டு, தலையணை உறை, கண் மை... இதையெல்லாம் தனியாக வைக்கச் சொல்வது அதனால்தான். அந்தப் பட்டியலில் மவுஸையும் கீபோர்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெட்ராஸ் ஐக்குப் பல நேரம் காரணமாக இருப்பது அடினோவைரஸ். ஃப்ளூ, கொரோனா வைரஸ்களுக்கு வெளியே கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சோப்போ ஸ்பிரிட்டோ பட்டால் அது குலைந்துவிடும். அடினோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது. அதனால் லேசில் சாகாது. காய்ந்த பிளாஸ்டிக்கின் மேல் வாரக்கணக்கில்கூட உயிர்ப்போடு இருக்கும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒரு இழுப்பு இழுத்தால் போச்சு என்று நினைத்துவிட முடியாது.

பையன் கண் சிவந்து ஸ்கூலுக்கு லீவு போட்டிருக்கிறான். வீட்டில் பொழுது போகவில்லை. என்ன செய்வான்? நேராகக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்காருவான்! கண் உறுத்தும், கசக்குவான், கிளிக் செய்வான். சாயந்திரம் அதே மவுஸைத் தங்கை பிடிப்பாள். மூன்றாம் நாள் அவளுக்கும் கண் திறக்க முடியாமல் பீளை ஒட்டிக்கொள்ளும். "அவன் பக்கத்திலேயே போகலியே, எப்படி வந்துச்சு?" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொள்வார்.

கண் சிவந்து நீர் வடிகிற வரைக்கும் (சிலருக்கு இரண்டு வாரம் ஆகும்) அந்தக் கம்ப்யூட்டரை அவர் மட்டும் பயன்படுத்தட்டும், இல்லாவிட்டால் மற்றவர்கள் மட்டும். ஒரே கம்ப்யூட்டர்தான், வேறு வழியில்லை என்றால், விலை குறைந்த ஒயர் மவுஸ் ஒன்று வாங்கி 'இது உனக்கு மட்டும்' என்று கொடுத்துவிடலாம். குடும்பமே வரிசையாகக் கண் டாக்டர் வாசலில் நிற்பதைவிடச் செலவு குறைவு! மற்றவர்கள் கம்ப்யூட்டரை விட்டு எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். இங்கே சானிடைசரைவிட, ஓடுகிற தண்ணீரும் சோப்பும்தான் நம்பகம். கிருமி சாகாவிட்டாலும் கையை விட்டு அடித்துக்கொண்டு போய்விடும், பாருங்கள். கண்ணில் கடுமையான வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம் இருந்தால் தாமதிக்காமல் கண் டாக்டரிடம் போங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம்.

வாங்க, எலியைக் குளிப்பாட்டலாம்!

உடனே குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தண்ணீர் உள்ளே போனால் எலி பரலோகம் போய்விடும்.

முதலில் கம்ப்யூட்டரை அணைத்து, மவுஸ் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். ஒயர் இல்லாத மவுஸ் என்றால் அடியில் இருக்கிற சுவிட்சை அணைத்து, பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். தேவையான சாமான் எல்லாம் வீட்டிலேயே இருக்கும். நூல் பிரியாத மெல்லிய பருத்தித் துணி இரண்டு (மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணி இருந்தால் உத்தமம்), காது குடைகிற பட்ஸ் நாலைந்து, பல் குத்துகிற மரக் குச்சி. குச்சி இல்லையா? துடைப்பத்திலிருந்து புதுசாக ஓர் ஈர்க்குச்சி உருவி, நுனியில் துளி பஞ்சு சுற்றினால் கடையில் விற்கிற எந்தக் கருவிக்கும் சளைத்ததில்லை. ஊக்கு, ஹேர்பின், பிளேடு... மூச்!

முதலில் அழுக்கு, அப்புறம்தான் கிருமி. இந்த வரிசை முக்கியம். பிசுக்கு மேல் படர்ந்திருக்கும்போது என்ன மருந்து போட்டாலும் அது அடியில் இருக்கிற கிருமியை எட்டாது. அரை டம்ளர் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிற திரவ சோப்பு ஓரிரு சொட்டு விடுங்கள். துணியை நனைத்து, ஒரு சொட்டுகூடச் சொட்டாத அளவுக்கு இறுக்கிப் பிழியுங்கள். முதுகு, விலா, பட்டன், ஒயர் என்று எல்லா இடத்தையும் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இதிலேயே முக்கால்வாசி போய்விடும். வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த இன்னொரு துணியால் சோப்பை எடுத்துவிடுங்கள். பட்டன்களுக்கு நடுவே இருக்கிற இடுக்கில் குச்சியை உள்ளே குத்தாமல் வெளியே இழுக்கிற மாதிரி ஓட்டுங்கள். குத்தினால் அழுக்கை நீங்களே உள்ளே அனுப்பி வைக்கிறீர்கள் என்று அர்த்தம். சக்கரத்தை ஒரு விரலால் மெதுவாக உருட்டிக்கொண்டே, லேசாக ஈரமான பட்ஸை அதன் மேல் வையுங்கள். ஒரு சுற்று முடிவதற்குள் பட்ஸ் கறுத்துவிடும். வெள்ளையாக வருகிற வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

அடுத்து, மெடிக்கல் ஷாப்பில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 70 சதவீதம் என்று கேட்டு வாங்கிய ஸ்பிரிட். அதை மவுஸ் மேல் ஊற்றாதீர்கள், பீய்ச்சாதீர்கள். துணியில் நனைத்துத் துடைத்து, அரை நிமிஷமாவது ஈரமாக இருக்க விட்டு, தானாகக் காயட்டும். "70 எதுக்கு, 99 சதவீதமே வாங்கிட்டா வீரியமா இருக்குமே?" என்று கேட்கலாம். அங்கேதான் வேடிக்கை! கிருமியின் புரதத்தைக் குலைக்கக் கொஞ்சம் தண்ணீரும் கூட இருக்கணும். சுத்தமான ஆல்கஹால் வேலையை முடிப்பதற்குள் பறந்துவிடும். ஸ்பிரிட் குப்பென்று தீப்பிடிக்கக் கூடியது. அடுப்பு, சாமி விளக்கு பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். பாட்டிலைப் பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.

சிலர் மேஜையில் இருக்கிற கை சானிடைசரையே மவுஸிலும் தடவுகிறார்கள். அதில் கை வறண்டு போகாமல் இருக்கக் கிளிசரின் சேர்த்திருப்பார்கள். அது காய்ந்த பிறகு பிசுபிசுவென்று நின்று, தூசியை 'வா வா' என்று அழைக்கும். நெயில்பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல் மூன்றும் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பிளீச்சிங் பவுடர் கரைசல் பாத்ரூம் தரையோடு நிற்கட்டும்.

சில மவுஸ்களின் முதுகில், பிடிக்க மெத்தென்று இருக்க ரப்பர் மாதிரி ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். அதற்கு ஸ்பிரிட் ஆகாது. சோப்புத் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம்முடைய கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இந்தப் பூச்சு இரண்டு, மூன்று வருஷத்தில் தானாகவே இளகி, வெல்லப்பாகு மாதிரி கையில் ஒட்ட ஆரம்பிக்கும். அது நீங்கள் சேர்த்த அழுக்கு இல்லை, ரப்பரே சிதைகிறது. எவ்வளவு துடைத்தாலும் போகாது. அடுத்த முறை வாங்கும்போது சாதாரண பிளாஸ்டிக் முதுகு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பார்க்கப் பகட்டாக இருக்காது, கழுவச் சுலபம்.

இனி அடிப்பக்கம். அங்கே ஒரு சின்ன ஓட்டை தெரிகிறதே, அதுதான் எலியின் கண். உள்ளே ஒரு விளக்கு மேஜையை வெளிச்சமாக்க, குட்டிக் கேமரா ஒன்று விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படம் எடுத்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நாம் எந்தப் பக்கம் நகர்த்தினோம் என்று கண்டுபிடிக்கிறது. ஒரே ஒரு தலைமுடி குறுக்கே விழுந்தாலும் திரையில் அம்புக்குறி பேய் பிடித்த மாதிரி ஆடும். "கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துடுச்சு" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால், இந்த ஓட்டையைப் பாருங்கள். காய்ந்த பட்ஸால் மெதுவாகச் சுற்றி எடுத்தால் போதும். வாயால் 'ஃபூ' என்று ஊதினால் எச்சில்தான் உள்ளே போகும். ஓரத்துப் பட்டைகளைச் சுற்றி இருக்கிற கறுப்பைக் குச்சியின் பக்கவாட்டால் சுரண்டுங்கள். அந்தப் பட்டைகள் நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கிற அதே டெஃப்லான் வகைப் பொருள். அவற்றைக் கீறிவிட்டால் வழுக்கி ஓடாது. சுரண்டி முடித்துவிட்டு நகர்த்திப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி ஓடும். இத்தனை நாளும் நம் மணிக்கட்டுதான் அதைத் தள்ளிக்கொண்டிருந்தது.

வாரத்துக்கு ஒரு முறை துடைப்பது, மாதத்துக்கு ஒரு முறை இந்த முழுக் குளியல். பத்து நிமிஷ வேலை. வீட்டில் யாருக்காவது ஜலதோஷம், ஜுரம் என்றால் தினம் ஒரு துடைப்பு.

பரண் மேல் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் மவுஸில் அடியில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். மூடியைத் திருகி உருண்டையை எடுத்து, அதை மட்டும் தாராளமாகச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கலாம். உள்ளே இருக்கிற சின்ன உருளைகளில் மோதிரம் போட்ட மாதிரி அழுக்கு வளையம் கட்டியிருக்கும், குச்சியால் நீக்குங்கள். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பர்ட் குழுவினர் 1964-ல் செய்த முதல் மவுஸில் உருண்டைகூட இல்லை, மரப்பெட்டிக்கு அடியில் இரண்டு சக்கரங்கள்தான். 1999-க்குப் பிறகு வெளிச்ச மவுஸ்கள் பரவலாக வந்து, உருண்டை சுத்தம் செய்கிற அந்த வேலையையே ஒழித்துக் கட்டின.

வெள்ளைப் பவுடரும் சித்தெறும்பும்

ஒயர் இல்லாத மவுஸில் பேட்டரி மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் பவுடர் பூத்திருக்கிறதா? விபூதி மாதிரி இருக்கிறதே என்று விரலால் தொடாதீர்கள்! ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிகிற காரப்பொருள் அது. தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறையோ, பிளாஸ்டிக் கவரோ மாட்டிக்கொண்டு பேட்டரியை எடுத்துவிட்டு, ஒரு சொட்டு வினிகர் நனைத்த பட்ஸால் துடைத்து, காய்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். தப்பித்தவறிக் கையில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் தொடர்ந்து தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே டாக்டரிடம் கிளம்ப வேண்டியதுதான். லீவுக்கு ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டால் இந்த வம்பே வராது.

மவுஸுக்குள் சித்தெறும்பு குடி வந்திருந்தால், காரணத்தை மவுஸில் தேடாதீர்கள். பிஸ்கட் தூளும் இனிப்புப் பாகும் சக்கரச் சந்தில் இறங்கியிருக்கும். பூச்சி மருந்தை அடிக்கவே கூடாது. நாளைக்குக் குழந்தை பிடிக்கப் போகிற பொருள் அது. பேட்டரியை எடுத்துவிட்டு, ஒரு நாள் வேறிடத்தில் தனியாக வைத்தால் அவை தாமாகக் கிளம்பிவிடும். 'கம்ப்யூட்டர் மேஜையில் சாப்பாடு கிடையாது' என்று சட்டம் போடுவதும் நல்லதுதான். சட்டம் போடுகிறவரே காபி டம்ளரோடு உட்காராமல் இருந்தால்!

ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை கிளிக் ஆகிறது என்றால், அது பெரும்பாலும் அழுக்கு இல்லை. உள்ளே இருக்கிற சின்ன சுவிட்ச் தேய்ந்துவிட்டது. துடைத்துப் பிரயோஜனமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கடைசியில் மவுஸ் பேட். எலியைக் குளிப்பாட்டிவிட்டு அதே அழுக்குப் பாயில் படுக்க வைப்பானேன்? துணி பேட் என்றால் சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து அலசி, முறுக்கிப் பிழியாமல், துண்டில் ஒற்றி, நிழலில் படுக்கை வசமாகக் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் அடி ரப்பர் சுருண்டுவிடும். முழுசாகக் காய ஒரு நாளாவது ஆகும். அதுவரைக்கும் பழைய தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். மவுஸ் அதன் மேல் அருமையாக ஓடும்.